பிள்ளையாருக்கு வழிவிட்ட ரயில்

ஆசியாக் கண்டத்தின் முதல் சைக்கடெலிக் ராக் குழு என் சமையலறையில்தான் பிறந்தது.

சரி, ஆசியா கொஞ்சம் அதிகம். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறையும் இல்லை, அதன் பின்னால் துணி காயப்போடும் இடம். முதல் குழு என்பதற்கும் என்னிடம் அத்தாட்சி கிடையாது. அந்த மாதிரிச் சத்தத்தை அந்த வட்டாரத்தில் வேறு யாரும் போட்டு நான் கேட்டதில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தத்துக்காக உயிரை விட்டது எனக்குச் சீதனமாக வந்த வால்வு ரேடியோ. இதில் மட்டும் ஒரு பொட்டும் கலப்படம் இல்லை.

ரேடியோவைக் கொன்றவன் கனகசபை. பிற்பாடு என் தங்கை சிவமலரைக் கட்டிக்கொண்டு, என்னை ‘அக்கா’ என்பதை விட்டு ‘மச்சாள்’ என்று கூப்பிட ஆரம்பித்தவன். எழுபத்தொன்றில் அவன் ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்ற அரசாங்கக் குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த பையன். தோள் வரைக்கும் முடி. கையில் ஓர் எலெக்ட்ரிக் கிட்டார். அது சும்மா ‘டிங் டிங்’ என்று மணியடிக்கிறதே, வெளிநாட்டு ரெக்கார்டில் வருவதுபோல் தீய்ந்து கரகரவென்று வரவில்லையே என்பது அவன் கவலை. கிட்டார் வயரை என் ரேடியோவில் செருகினான். பின்பக்க அட்டையைக் கழற்றி, ஸ்பீக்கர் காகிதத்தைச் சவர பிளேடால் கீறினான். பிறகு ஒரு தந்தியைத் தட்டினான் பாருங்கள்! தகரக் கூரையைப் பிய்த்து யாரோ தார்ச்சாலையில் இழுத்துக்கொண்டு ஓடியதுபோல் இருந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் ஒரு மாதம் முட்டையிடவில்லை. (கோழி விஷயத்தை நம்ப முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.)

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து செய்தி கேட்க ரேடியோவைத் திருகினார். செய்தி வாசிப்பவர் தொண்டையில் மீன் முள் மாட்டினவர்போல் கரகரத்தார்.

“நாட்டுல என்னமோ நடந்திருக்கு” என்று வீட்டுக்காரர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

குழுவில் மூன்று பேர். கனகசபை முதல் கிட்டார். கார்த்திகேசு இரண்டாவது கிட்டாரும் பாட்டும். பார்க்க அழகன், அது அவனுக்கே தெரிந்தும் இருந்தது. டிரம்ஸ் தம்புசாமி, தண்டவாளம் பழுதுபார்க்கும் கூலிக்காரர் ஒருவரின் மகன், கையில் இரண்டு குச்சி இல்லாமல் நான் பார்த்ததில்லை. குழுவுக்கு ‘ஊதா மயில்கள்’ என்று பெயர். சாயம் வாங்கி மூன்று சட்டையையும் என் அலுமினியப் பானையில்தான் ஊதாவாக அவித்தார்கள். அன்றைக்குப் பிறகு அந்தப் பானையில் வைத்த ரசமும் ஊதா.

விளையாட்டு போதும். கனகசபையின் காதுக்கு வருகிறேன்.

அவனுடைய அப்பா சிவசம்பு ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். நாற்பதை ஒட்டி அவருக்குக் காது போயிற்று. முதலில் வலது, பிறகு இடது. ரயில் வருவது கேட்காத ஸ்டேஷன் மாஸ்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆபீசில் ஒரு மூலையில் கோப்புக் கட்ட உட்காரவைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்த அவருடைய அப்பாவுக்கும் அதே வயதில் அதே கதைதானாம். கனகசபைக்குச் சின்ன வயதிலிருந்தே இது தெரியும். சிரித்துக்கொண்டே சொல்வான்:

“காது எங்களுக்கு குவார்ட்டர்ஸ் மாதிரி அக்கா. குடியிருக்கலாம், சொந்தம் கிடையாது. ஒரு நாள் காலி பண்ணச் சொல்லிடுவாங்க.”

எழுபத்தொன்று ஜனவரியில் கோலாலம்பூரை வெள்ளம் மூடியது ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இருக்கும். நாங்கள் பாயையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். அங்கேயிருந்து பார்த்தால், தூரத்தில் ஒரு ரயில் தண்ணீருக்கு நடுவில் நின்றது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. டிரைவர் விட்டு விட்டு விசில் ஊதினார். எல்லோரும் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவன் மட்டும் கண்ணை மூடி அந்த விசிலைக் கேட்டபடி இருந்தான். சேறு கழுவி முடித்த கையோடு ஒரு பாட்டு செய்தான். ‘வெள்ளத்தில் நின்ற ரயில்.’ வார்த்தை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் கிட்டார். தம்புசாமி டிரம்மின் விளிம்பில் குச்சியால் மழை பெய்ய வைப்பான். கார்த்திகேசு கீழ்த் தந்திகளில் எஞ்சினை உறுமவிடுவான். அதற்கு மேலே கனகசபையின் கிட்டார் விசிலடித்து, அழுது, கடைசியில் தண்ணீருக்குள் போகும். அவன் வாழ்நாளில் சொந்தமாகச் செய்த ஒரே பாட்டு அது.

அவர்களைப் பதிவுக்கு அழைத்துப் போனவர் நாகையா. பிரிக்ஃபீல்ட்ஸில் ரெக்கார்டுக் கடை வைத்திருந்தார். மூன்று பையன்களுக்கும் தானே மேனேஜர் என்று தானே சொல்லிக்கொண்டவர். ஸ்டூடியோவில் சின்னப் பாட்டுகளைப் பதிந்து முடித்து, ரீலில் மிச்சமிருந்த டேப்பில் ரயில் பாட்டை ஒரே ஒரு முறை வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் அடுத்த குழு வாசலில் வந்து நின்றது. போட்டுக் கேட்க நேரமில்லை. சின்னப் பாட்டுகள் இரண்டு இசைத்தட்டுகளாக வெளிவந்தன. ரயில் மிக நீளம் என்று ரீலிலேயே தங்கிவிட்டது. நாகையா கடையை இடம் மாற்றியபோது அந்த ரீலும் எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

இதில் கனகசபைக்கு ஒரு மனக்குறை. நான் அவனைக் கேட்டேன், “நீ செஞ்ச பாட்டு, நீ வாசிச்ச பாட்டு, அதைக் கேக்கலன்னு என்னடா அழுகை?”

“வாசிக்கிறவனுக்குப் பாட்டு கேக்காது அக்கா. அடுத்த விரலை எங்க வைக்கிறதுன்னுதான் மனசு ஓடும். நீங்க சமைச்சுட்டு அந்த வாசனையிலேயே பசி போச்சுன்னு சொல்வீங்களே, அந்த மாதிரி. ஒரு தடவை சும்மா உட்கார்ந்து, வேற யாரோ வாசிக்கிற மாதிரி கேக்கணும்.”

பிறகு எல்லாருக்கும் நடப்பதுதான் அவர்களுக்கும் நடந்தது. அரசாங்க வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. நீள முடியோடு உள்ளே விட மாட்டார்கள். சிவசம்பு மகனை முடி வெட்டும் கடைக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். கனகசபை குமாஸ்தா ஆனான், எங்கள் ஊர்ப் பேச்சில் கிராணி. கார்த்திகேசு சுபாங் ஜெயாவில் வீடு வாங்கி இன்சூரன்ஸ் விற்கப் போனான். தம்புசாமி போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டினான். மயில்கள் மூன்றும் மூன்று திசை. என் தங்கையைக் கனகசபைக்குக் கட்டிவைத்தோம்; நாங்களும் அவர்களும் கிள்ளானில் அடுத்தடுத்த வரிசையில் குடியேறினோம்.

எண்பத்தெட்டில் ஒரு நாள் சிவமலர் என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

“அக்கா, அவர் அடுப்பு பக்கத்துல நின்னு பேப்பர் படிச்சுட்டு இருக்காரு. குக்கர் கத்தோ கத்துன்னு கத்துது. திரும்பிக்கூடப் பாக்கல.”

“கோபத்துல இருப்பான்.”

“இல்ல அக்கா. வலது பக்கம் நின்னு கூப்பிட்டேன். அவருக்குக் கேக்கல.”

வலது காது எப்போதோ போய்விட்டிருந்தது. ஆபீசிலும் வீட்டிலும் ஒரு வருடமாக மறைத்திருக்கிறான். கூட்டத்தில் எல்லோருக்கும் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்து, இடது காதைக் கொடுத்துச் சமாளித்திருக்கிறான். டாக்டரிடம் இழுத்துப் போனோம். அவர் காகிதத்தில் காதின் படம் வரைந்து காட்டி, இடதும் அதே வழியில்தான் போகிறது, அடுத்த தீபாவளியைத் தாண்டினால் ஆச்சரியம் என்றார். மெஷின் வைத்தால் கொஞ்ச நாள் இழுக்கலாம். ஆனால் மெஷினில் பேச்சுத்தான் கேட்கும், பாட்டு கேட்காது, தகர டப்பாவில் கல் உருட்டியதுபோல் இருக்கும் என்றார்.

“ஆபீசுக்குச் சொல்லிடாதீங்க மச்சாள்” என்றான் காரில் வரும்போது. “அப்பாவை மூலையில உட்காரவெச்ச மாதிரி என்னையும் உட்காரவெச்சிருவாங்க. யாருக்குமே தெரிய வேணாம்.”

அந்த வருடக் கடைசியில்தான் நாகையா ஆள் அனுப்பினார். வானொலியில் யாரோ ஊதா மயில்களின் பழைய பாட்டு ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அதைக் கேட்ட நாலைந்து பேர் கடைக்கு வந்து, அது கேசட்டில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். நாகையாவுக்கு நாலைந்து பேர் போதும். பழைய பெட்டிகளையெல்லாம் கவிழ்த்துக் கொட்டினார். இரண்டு இசைத்தட்டு, ஃபன்ஃபேர் பொருட்காட்சிகளிலும் கல்யாண வீடுகளிலும் பதிந்த துண்டுதுணுக்குகள், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ரீல்.

“‘ஊதா மயில்கள்: ஆரம்பப் பாட்டுகள்’. எப்படி பேரு?” என்று கேட்டார் கனகசபையைப் பார்த்து. “கடைசியில உன் ரயில். அதுதான் கிளைமாக்ஸ் லா.”

“இப்பவே ரீலைப் போடுங்க அண்ணே. ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்.”

“ரீல் மெஷின் ரிப்பேர்ல இருக்கு. கேசட்டா வரட்டும், ஜோராக் கேளு. இத்தனை வருஷம் பொறுத்தவனுக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்க முடியாதா?”

பொறுக்க முடியாது என்று சொல்ல வாயில்லை. காதைப் பற்றி யாருக்கும் தெரியக்கூடாதே!

அந்த மாதங்களில் அவன் இருந்த இருப்பைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் கைக்கடிகாரத்தை இடது காதில் வைத்துப் பார்ப்பான். ‘டிக் டிக்’ கேட்டால் முகம் கழுவப் போவான். கேட்காவிட்டால் கடிகாரத்தைக் குலுக்கிக் குலுக்கித் திரும்ப வைப்பான். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு பஸ் ஏறுவான், தேவையில்லாத சத்தத்தில் காது தேய்ந்துவிடுமோ என்று பயம். வீட்டில் டிவி போடக்கூடாது, மிக்சி ஓடக்கூடாது. சிவமலர் அம்மியில் அரைத்தாள். அம்மிச் சத்தத்துக்கும் அவன் எழுந்து வெளியே போனான். நாகையாவிடம் போன் போட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான். “அட்டை அச்சடிக்கப் போயிருக்கு லா, அடுத்த வாரம்.” பொங்கல் வந்தது. தைப்பூசமும் வந்து போனது. கடிகாரம் கேட்கிற நாள் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கேசட் வந்து சேர்ந்தது. ஊதா அட்டையில் மூன்று பேரும் முடியோடு நின்றார்கள். என் வீட்டு ஹாலில்தான் கேட்டோம். என்னிடம்தான் பெரிய ஸ்பீக்கர் இருந்தது. கனகசபை தரையில் உட்கார்ந்து இடது காதை ஸ்பீக்கர் துணியோடு ஒட்டவைத்தான். சிவமலர் பட்டனை அழுத்தினாள்.

முதலில் ஓர் ஓதுவார் பிள்ளையார் துதி பாடினார். பொறுமையாக, இழுத்து, கண்ணீர் வர.

“நாகையா அண்ணே திருந்தவே மாட்டாரு” என்று கனகசபை சிரித்தான். நாங்களும் சிரித்தோம்.

பிறகு மயில்கள் பாடின. ஒவ்வொரு பாட்டுக்கும் அவன் விரல் தரையில் தாளம் போட்டது. கேசட்டைத் திருப்பிப் போட்டோம். ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க் கடைசியில் மழை ஆரம்பித்தது. தம்புசாமியின் குச்சிகள். அதற்கடியில் எஞ்சின் உறுமியது. கனகசபை மூச்சை நிறுத்தினான். தூரத்தில் ஒரே ஒரு விசில் எழும்பியது. அடுத்து கிட்டார் வரவேண்டும்.

‘க்ளக்.’

பட்டன் தானாக மேலே எழும்பி நின்றது.

கனகசபை காதை எடுக்கவில்லை. அப்படியே இருந்தான். பிறகு மெதுவாக நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

“மலர், போயிடுச்சு” என்றான், சத்தமாக.

“என்ன போயிடுச்சு?”

“காது. இப்பத்தான் போச்சு. கிட்டார் வர்ற நேரத்துல போச்சு.”

“டேய் கனா!” என்று நான் கத்தினேன். “உன் காது போகலடா. டேப்தான்டா போச்சு!”

நான் கத்தியது அவனுக்குக் கேட்டது. சந்தோஷத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். நாங்களும் கூடச் சிரித்தோம். பிறகு நான் என்ன சொன்னேன் என்பது அவனுக்கு உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அன்றைக்கு நான் என் பழைய டட்சனில் ஃபெடரல் ஹைவேயில் போன வேகத்தில் போலீஸ் பைக்குகளே ஓரம் கட்டின. கடையில் நாகையா புதுக் கேசட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“பாட்டு பாதியில நிக்குது அண்ணே!”

“எந்தப் பாட்டு?”

“ரயில்!”

அவர் தன் கடை மெஷினில் போட்டுப் பார்த்தார். ‘க்ளக்.’ விரல்விட்டுக் கணக்குப் போட்டார். பக்கத்துக்கு அரைமணி நேரம்தான் பிடிக்கும் கேசட்டில் பாட்டுகள் மட்டும் என்றால் சரியாக அடங்கியிருக்கும். பிள்ளையார் முன்னால் வந்து உட்கார்ந்ததும் எல்லாம் ஒரு இடம் பின்னால் நகர்ந்தது. முதல் பக்கத்துக் கடைசிப் பாட்டு இரண்டாம் பக்கத்துக்குப் போக, ரயிலுக்கு இடமில்லாமல் போயிற்று. பதிவைத் தட்டிவிட்டு அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். எப்போதும் அப்படித்தான் செய்வாராம்.

“ராக் பாட்டுக்கு எதுக்கு அண்ணே பிள்ளையார்?” என்று கேட்டேன் நான்.

“என்னம்மா, டீச்சரா இருந்துக்கிட்டு நீங்களே இப்படிப் பேசுறீங்க? என் கடையில சினிமா கேசட்டானாலும் பிள்ளையாரோடதான் ஆரம்பிக்கும். விக்கினம் வரக்கூடாதே!”

“இப்ப வந்தது என்னவாம்?”

கனகசபை இதையெல்லாம் கேட்கவில்லை. “ரீலைக் குடுங்க அண்ணே” என்றான். “வேற கேசட்ல நான் ஏத்திக்கிறேன்.”

நாகையா கையிலிருந்த கேசட்டைத் திரும்ப அடுக்கில் வைத்தார். தைப்பூசத்துக்கு நாதஸ்வரம் பதிய ரீல் கேட்டுக் கோயில்காரர்கள் வந்தார்களாம். இந்தக் காலத்தில் புது ரீல் எங்கே கிடைக்கிறது? பாட்டுதான் கேசட்டில் ஏறிவிட்டதே என்று அதன்மேலேயே பதிந்துவிட்டாராம்.

“போடுங்க” என்றான் கனகசபை.

“அதுல ஒண்ணும் இருக்காது கனா...”

“போடுங்க அண்ணே!”

போட்டார். நாதஸ்வரமும் தவிலும் கடையை இடித்தன. கனகசபை மெஷின்மேல் கவிழ்ந்து முதலிலிருந்து கடைசி வரைக்கும் கேட்டான். இரண்டு உருப்படிகளுக்கு நடுவில் வெறும் ‘உஸ்’ என்று ஓடிய இடத்தில் சட்டென்று கையைத் தூக்கினான். “இருங்க, இருங்க! அந்த விசில்...” நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டினோம். தவில்காரர் வார் இழுக்கிற சத்தம்தான் கேட்டது. அடுத்த உருப்படி ஆரம்பித்தது. ரீல் முடிந்து வால் பட் பட்டென்று அடித்துக்கொண்டு சுற்றியது. அவன் எழுந்து போய்க் கடை முன்னாலிருந்த அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து, இடது காதைக் கையால் பொத்திக்கொண்டான்.

அப்போதுதான் நான் நாகையாவிடம் காது விஷயத்தைச் சொன்னேன். மனிதர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா!”

“சொல்லியிருந்தா பிள்ளையாரை விட்டிருப்பீங்களா?”

நாகையா பொய் சொல்லாத மனிதர். கண்ணைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “விட்டிருக்க மாட்டேன். சின்னதா ஒண்ணு போட்டிருப்பேன்” என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியில், கிள்ளான் நெருங்கும்போது கனகசபை சொன்னான். “அவனுங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பாக்கலாமா மச்சாள்? எனக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லலாமா?”

தம்புசாமியைப் போர்ட் கிள்ளானில் லோரி நிறுத்தும் இடத்திலேயே போய்ப் பிடித்தோம். விஷயத்தைக் கேட்டு, “அதுக்கென்னடா” என்றவன் ஸ்டியரிங்கில் விரலால் மழையைத் தட்டிக் காட்டினான். கார்த்திகேசுவைப் பார்த்து நான்தான் ஏமாந்து போனேன். தலையில் ஒரு முடி இல்லை, கழுத்தில் டை. “பாட்டே எனக்கு மறந்துபோச்சு அக்கா. நான் எஞ்சின் மட்டும்தானே வாசிச்சேன்?” என்றான்.

“நான் சொல்லித் தர்றேன்” என்றான் கனகசபை. “இப்ப நீதான் என் பாகத்தை வாசிக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக் கார் போர்ச்சில் பழகினார்கள். ஷிப்டு முடிந்து தம்புசாமி தூங்காமல் வருவான். ஒரு பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியக் குழுவிலிருந்து டிரம் இரவல். எஞ்சின் இல்லாமல் ரயில் ஓட்டுவதற்குக் கூச்சப்பட்டு, தம்புசாமியே ஒரு பெரிய பிஸ்கட் டின்னைக் காலால் உதைத்து உறுமவிட்டான். கனகசபை வாயால் ராகம் பாடிக் காட்டுவான், கார்த்திகேசு அதைக் கிட்டாரில் தேடுவான். இரண்டொரு வாரத்தில் கார்த்திகேசு சமையலறைக்கு வந்து என்னிடம் தணிந்த குரலில் சொன்னான்.

“அக்கா, அவன் பாடுற சுருதி வாரா வாரம் கீழ இறங்குது. நான் எதைப் பிடிக்கிறது?”

காபியைக் கொடுத்து அனுப்பினேன். கனகசபைக்கே தெரிந்ததோ என்னவோ, அதற்குப் பிறகு பாடுவதை விட்டுவிட்டுக் கிட்டாரை வாங்கி, ஒவ்வொரு விரலும் எந்தத் தந்தியில் எந்தக் கட்டையில் விழவேண்டும் என்று காட்ட ஆரம்பித்தான். அப்படியும் கரகரப்பு வரவில்லை. என் வீட்டில் அப்போது ஒரு நல்ல ரேடியோ இருந்தது. நானே தூக்கி வந்து போர்ச்சில் வைத்து, பிளேடையும் கையில் கொடுத்தேன்.

“வேணாம் மச்சாள்.”

“கீறுடா. செய்தியில ஒண்ணும் நல்லது சொல்றதில்ல.”

கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் எல்லாம் கூடி வந்தது. நாகையாகூட வந்திருந்தார், கையில் பூவும் கற்பூரமும். “இன்னைக்கு அவர் வாசல்லயே நிக்கட்டும் அண்ணே” என்று வாங்கி வெளியே வைத்துவிட்டேன். கனகசபை ஒரு சின்ன ஸ்டூலை இழுத்து, கார்த்திகேசுவின் கிட்டாருக்கு முழங்கால் இடிக்கிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தான். அவன் கண்ணெல்லாம் கார்த்திகேசுவின் இடது கையில் இருந்தது. சிவமலர் பின்னால் நின்று அவன் தோளில் கை வைத்திருந்தாள்.

தம்புசாமி மழையைத் தொடங்கினான். அவன் தொடங்கின நேரமோ என்னவோ, நிஜ மழையும் கொட்ட ஆரம்பித்தது. போர்ச் கூரை இடிந்து விழுகிறமாதிரி சத்தம். அதற்கு மேலே என் ரேடியோ கிழிந்து கதறியது. விசில் எழும்பியது. கார்த்திகேசுவின் மொட்டைத் தலையில் வேர்வை. இத்தனை வருடம் இன்சூரன்ஸ் விற்ற விரலா அது என்று நான் வாயைப் பிளந்தேன். பாட்டு நடுப்பகுதிக்கு வந்து, ரயில் தண்ணீருக்குள் இறங்கப் போகிற இடம். கனகசபை ஸ்டூலை விட்டுத் துள்ளி எழுந்தான்.

“அங்க இல்லடா! கீழ்த் தந்தி! கீழ்த் தந்தி!”

கார்த்திகேசு நாக்கைக் கடித்தான். அந்த இடத்தை மறுபடி எடுத்தார்கள். இந்த முறை சரியாக விழுந்தது. கனகசபை மெதுவாக உட்கார்ந்தான். ரயில் முழுவதும் தண்ணீருக்குள் போகும்வரை அவன் அசையவில்லை. மழைச் சாரல் அவன் முதுகை நனைத்தது, சட்டை ஒட்டிக்கொண்டது. அதைக்கூடக் கவனிக்காமல் அப்படி ஒன்றிப்போயிருந்தான். முடிந்ததும் எழுந்து கார்த்திகேசுவின் இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“கேட்டுச்சாடா?” என்று நான் அவன் காதுக்குள் கத்தினேன்.

அவன் என் வாயைப் பார்த்தான். தலையாட்டினான். “நல்லா இருந்துச்சு மச்சாள்” என்றான்.

அந்தத் தீபாவளிக்குப் பட்டாசு அவனுக்கு வெறும் புகை. ஆனால் பாட்டை அவன் கேட்டுவிட்டான். எத்தனையோ கல்யாண வீடுகளில் நான் இதைச் சொல்லியிருக்கிறேன். அந்த மழையில், அந்த இடியில், ஒரே ஒரு தந்தி மாறி விழுந்ததைப் பிடித்துவிட்டானே! அரைக் காதை வைத்துக்கொண்டு அவன் பிடித்ததை முழுக் காதோடு நின்ற நாங்கள் யாரும் பிடிக்கவில்லை. அவன் கேட்டான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இவ்வளவையும் எழுதி முடித்து, இப்போது சிவமலருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கனகசபை ஹாலில் சத்தத்தைக் குறைத்து வைத்த டிவியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறான். கோழிக்கும் போலீஸ் பைக்குக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிக்கு வந்ததும் கீரையைக் கீழே வைத்தாள்.

“அது மட்டும் தப்பு அக்கா. அதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தியே கடிகாரம் கேக்காமப் போயிடுச்சு. ‘தம்பு தூங்காம வர்றான், கார்த்தி எல்லாத்தையும் விட்டுட்டு வர்றான், சொல்லிடாதே மலர்’னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. விரலைப் பார்த்துத்தான் தப்புன்னு சொன்னாரு. மழை பேஞ்சதே அவருக்குத் தெரியாது. உள்ள வந்து சட்டையைக் கழட்டும்போதுதான் ‘எப்படி நனைஞ்சேன்’னு என்னைக் கேட்டாரு.”